எந்தப் படகு வேகமானது?

(நமது முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைப் பேச அழைத்தபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "கம்பெனிக் கதை வேண்டாம்ப்பா. வெளிநாடு போன எல்லாரும் அதைத்தான் பேசறாங்க. பசங்க தூங்கிடறாங்க. வேற ஏதாவது பேசு." நான் இங்கிலாந்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வேலையைக் கழித்தால் என்னிடம் மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று, ஞாயிற்றுக்கிழமைப் பாய்ப்படகுப் பந்தயம். ஆகவே அதைப் பற்றியே பேசுகிறேன். கொஞ்சம் கணக்கு வரும். இன்ஜினீயரிங் காலேஜ்தானே, பொறுத்துக்கொள்வீர்கள்.

ஆனால் கதை படகில் ஆரம்பிக்கவில்லை. இந்த வளாகத்தில், 1982-ல், ஹாஸ்டல் டே சைக்கிள் பந்தயத்தில் ஆரம்பிக்கிறது. மெயின் கேட்டிலிருந்து புறப்பட்டு, ஒர்க்‌ஷாப்பைச் சுற்றி, மைதானம் வழியாக மூன்று சுற்று. என்னிடம் மாமா வாங்கிக் கொடுத்த புது சைக்கிள், எடை குறைவு, மெல்லிய டயர். என் அறைத்தோழனிடம் சொந்த சைக்கிள் கிடையாது. கேட்டுக்கு எதிரே இருந்த வாடகைக் கடையிலிருந்து மணிக்கு இவ்வளவு என்று எடுத்து வந்த வண்டி. கேரியர், மட்கார்டு, ஸ்டாண்டு எல்லாம் லொடலொடவென்று ஆடும் பழைய இரும்பு. நான் முதலில் வந்தேன். அவன் ஒரு சைக்கிள் நீளம் பின்னால் வந்தான். எனக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர் பரிசு. அன்று இரவு மெஸ்ஸில் அவன் சாதாரணமாகக் கேட்டான்: "ஜெயிச்சது நீயாடா, உன் சைக்கிளாடா?"

அப்போது என்னிடம் பதில் இல்லை. அவனுக்குப் பொறாமை என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். இந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க ஒரு நாட்டில் ஆயிரக்கணக்கான பேர் வாரா வாரம் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

டிங்கி என்ற நம்ம ஊர் வார்த்தை

நான் வேலைக்குப் போனது இங்கிலாந்தின் தென்கரை. அங்கே பக்கத்தில் குடிநீருக்காகக் கட்டிய நீர்த்தேக்கம் ஒன்று. நம்ம ஏரி மாதிரிதான், கரையெல்லாம் சுத்தமாக இருக்கும், அவ்வளவே வித்தியாசம். அதில் ஒரு சிறிய கிளப். கூட வேலை பார்த்தவர் ஒருவர் ஒரு நாள் அழைத்துப் போனார். ஓர் ஆள் மட்டும் உட்கார்ந்து ஓட்டும் சின்னப் பாய்ப்படகுகள். டிங்கி என்கிறார்கள். அந்தச் சொல்லே இந்தியாவிலிருந்து போனதுதான், வங்காளத்திலும் வட இந்தியாவிலும் சிறு படகைக் குறிக்கும் சொல். 'கட்டுமரம்' எப்படி 'கேட்டமரான்' ஆனதோ அந்த மாதிரி. சொல் நம்முடையது, தண்ணீர் அவர்களுடையது, குளிர் மட்டும் எனக்கு! நவம்பர் மாதத்தில் நனைந்து நடுங்கி வீட்டுக்கு வரும்போதெல்லாம் என் மனைவி, "இந்தக் குளிர்ல போய்த் தண்ணியில விழணும்னு உங்க தலையில எழுதியிருக்கா?" என்று கேட்பாள். எழுதியிருந்தது போலும்.

எல்லோரும் ஒரே வகைப் படகு ஓட்டினால் சிக்கலே கிடையாது. முதலில் வந்தவன் ஜெயித்தவன். ஒலிம்பிக்கில் அப்படித்தான். ஆனால் ஒரு சின்ன கிளப்பில் ஞாயிற்றுக்கிழமை இருபது பேர் வருவார்கள், பத்து விதமான படகு இருக்கும். ஒருவருக்கு லேசர், ஒருவருக்கு ஃபின், ஓய்வு பெற்ற பெரியவருக்குச் சோலோ, பத்து வயதுப் பையனுக்கு ஆப்டிமிஸ்ட். எல்லோரையும் ஒரே கோட்டிலிருந்து கிளப்பிவிட்டு, கடைசியில் யார் கெட்டிக்காரர் என்று சொல்ல வேண்டும். நம்ம ஊரில் வெவ்வேறு போர்டில் படித்த பிள்ளைகளின் மார்க்கை ஒரே பட்டியலில் கொண்டுவருவதற்கு எவ்வளவு சண்டை நடக்கிறது! இதுவும் அதே பிரச்சினைதான், தண்ணீரின் மேல்.

படகின் வேகம் எதனால்?

முதலில் படகுகளைப் பார்ப்போம். லேசர் என்பது உலகம் முழுக்கப் பரவிய படகு. 1969-ல் கனடாவைச் சேர்ந்த புரூஸ் கர்பி, நண்பர் இயன் புரூஸ் தொலைபேசியில் கேட்டபோது ஒரு தாளில் வரைந்ததுதான் அதன் மூலம். கார் கூரையில் வைத்துக் கொண்டுபோகிற மாதிரி ஒரு படகு வேண்டும், அவ்வளவுதான் தேவை. நீளம் சுமார் 4.2 மீட்டர், உடல் எடை 59 கிலோ, பாய் 7.06 சதுர மீட்டர். இரண்டு லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கிலிருந்து அது ஒலிம்பிக் படகு.

இதில் ஒரு விசேஷம், நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதனால்தான் நான் தலைகுனிந்தேன். ஒரே உடல், மூன்று பாய். முழுப் பாய் என்றால் லேசர். கொஞ்சம் சிறிய பாய், 5.76 சதுர மீட்டர் போட்டால் ரேடியல். இன்னும் சிறியது, 4.7 சதுர மீட்டர் போட்டால் 4.7. 2019-லிருந்து இவற்றை ஐ.எல்.சி.ஏ. 7, 6, 4 என்று அழைக்கிறார்கள். கனமானவர்கள் பெரிய பாயும், இளைத்தவர்களும் சிறுவர்களும் சிறிய பாயும் போடுவார்கள்.

ஆப்டிமிஸ்ட் அமெரிக்காவில் ஃப்ளோரிடாவைச் சேர்ந்த கிளார்க் மில்ஸ் 1947-ல் பிள்ளைகளுக்காகச் செய்தது. 2.3 மீட்டர் நீளம், பார்த்தால் ஒரு தொட்டி மாதிரி. 15 வயது வரைக்கும் உள்ள பிள்ளைகளுக்கான பந்தயப் படகு. ஃபின், சுவீடனின் ரிக்கார்ட் சார்பி 1949-ல் வடிவமைத்தது. 4.5 மீட்டர், 10 சதுர மீட்டர் பாய், கனமான படகு, கனமான ஆள் வேண்டும். 1952 ஹெல்சிங்கியிலிருந்து 2021-ல் நடந்த டோக்கியோ போட்டி வரை ஒலிம்பிக்கில் இருந்தது. சோலோ, ஜாக் ஹோல்ட் 1950-களில் வடிவமைத்த ஆங்கிலேயர்களின் செல்லப் படகு, 3.78 மீட்டர். இவற்றுக்கெல்லாம் பேரப்பிள்ளை மாதிரி 2014-ல் வந்தது ஏரோ. 4 மீட்டர் நீளம், உடல் எடை 30 கிலோதான்.

இப்போது மெக்கானிக்கல் பசங்களுக்குக் கொஞ்சம் வேலை. தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும் படகு தானே ஒரு அலையை உண்டாக்குகிறது. வேகம் கூடக் கூட அந்த அலை நீண்டுகொண்டே போகும். அலையின் நீளம் படகின் நீளத்தை எட்டும்போது படகு தன் அலைக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது, முன்பக்கமும் பின்பக்கமும் மேடு, நடுவில் பள்ளம். அதற்கு மேல் போக வேண்டுமென்றால் மேட்டில் ஏற வேண்டும். ஆழமான தண்ணீரில் அலையின் வேகம், மீட்டர் கணக்கில், நீளத்தின் வர்க்கமூலத்தை 1.25-ஆல் பெருக்கினால் வரும். லேசர் தண்ணீரைத் தொடும் நீளம் சுமார் 3.8 மீட்டர். வேகம் விநாடிக்கு 2.44 மீட்டர், மணிக்குச் சுமார் 8.8 கிலோமீட்டர். ஆப்டிமிஸ்டுக்கு அந்த நீளத்தைச் சுமார் 2.1 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 6.5 கிலோமீட்டர். ஆக லேசர் ஆப்டிமிஸ்டைவிட 1.35 மடங்கு வேகம் என்று கணக்கு சொல்கிறது.

ஆனால் தண்ணீரில் ஓட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட 1.5 மடங்கு. ஏன்? நல்ல காற்று அடித்தால் இலேசான படகு அந்த மேட்டில் ஏறிவிடும். ஏரியில் ஓட்டுச்சில்லைச் சாய்த்து வீசினால் தத்தித் தத்தி ஓடுமே, அந்த மாதிரி தண்ணீரின் மேல் வழுக்கி ஓடும். அப்புறம் சூத்திரம் செல்லாது. பாயின் அளவு, எடை, அடிப்பாகத்தின் வடிவம், ஓட்டுகிறவர் உடம்பைப் படகுக்கு வெளியே எவ்வளவு சாய்க்க முடியும், எல்லாம் சேர்ந்துவிடும். இதையெல்லாம் அளந்து ஒரு சூத்திரத்தில் அடைக்கலாம். பெரிய கடற்படகுகளுக்கு அப்படிச் செய்கிறார்கள். சின்னப் படகுக்கு அது கட்டுப்படியாகாது.

ஓடவிட்டுப் பார்

இரண்டாம் உலகப் போர் முடிந்த பின் போர்ட்ஸ்மத் ஊர்ப் பக்கத்தில் இருந்தவர்கள் ஒரு எளிய வழி கண்டுபிடித்தார்கள். அளக்கவே வேண்டாம், ஓடவிட்டுப் பார் என்றார்கள். பல கிளப்புகளில், பல பந்தயங்களில், நன்றாக ஓட்டுகிறவர்கள் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார்கள் என்று சேர்த்து, ஒவ்வொரு வகைப் படகுக்கும் ஒரு எண் கொடுத்தார்கள். அதற்குப் போர்ட்ஸ்மத் எண் என்று பெயர். இன்றைக்கும் பிரிட்டனின் ராயல் யாட்டிங் அசோசியேஷன் கிளப்புகள் அனுப்பும் முடிவுகளை வைத்து வருஷா வருஷம் பட்டியலைத் திருத்தி வெளியிடுகிறது.

எண் சிறியதானால் படகு வேகம். பெரியதானால் மெது. ஒரே தூரத்தை ஓட இவ்வளவு நேரம் ஆகும் என்பதுதான் அந்த எண்ணின் பொருள். நான் உங்களுக்குக் கணக்கு வசதிக்காக முழு எண்ணாகச் சொல்கிறேன். வருஷத்துக்கு வருஷம் சில புள்ளிகள் அங்கே இங்கே நகரும். லேசர் 1100. ரேடியல் 1150. 4.7-க்கு 1210. சோலோ 1140. ஃபின் 1050. ஏரோவில் 7 என்ற பாய் போட்டால் 1065. டாப்பர் என்ற பிளாஸ்டிக் படகு 1365. ஆப்டிமிஸ்ட் 1640. கன்டெண்டர் என்று ஒன்று உண்டு, ஓட்டுகிறவர் ஒரு கம்பியில் தொங்கிக்கொண்டே ஓட்டுவார், அது 970.

இதை நேரமாக மாற்றிப் பாருங்கள். லேசர் 60 நிமிஷத்தில் ஓடும் தூரத்தை, சம திறமை உள்ளவர் ஓட்டினால், கன்டெண்டர் ஏறக்குறைய 53 நிமிஷத்தில் ஓடும். ஃபின் 57 நிமிஷம் 16 விநாடி. ஏரோ 58 நிமிஷம் 5 விநாடி. சோலோ 62 நிமிஷம் 11 விநாடி. ரேடியல் 62 நிமிஷம் 44 விநாடி. 4.7-க்கு 66 நிமிஷம். டாப்பர் 74 நிமிஷத்துக்கு மேல். ஆப்டிமிஸ்ட் ஏறக்குறைய 89 நிமிஷம்.

இதில் ஏரோவைக் கவனியுங்கள். லேசரைவிட நாற்பது வருஷத்துக்கு மேல் இளையது. எடை பாதிதான். பாய் ஏறக்குறைய அதே அளவு. ஆனால் வித்தியாசம் மணிக்கு இரண்டே நிமிஷம், 3 சதவீதம் சொச்சம். முதல் தடவை இந்தக் கணக்கைப் போட்டபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. பாதி எடையைக் குறைக்க எத்தனை ஆராய்ச்சி, எவ்வளவு கார்பன் நார்! ஆனால் ஒரு நல்ல லேசர்க்காரருக்கும் சுமாரான லேசர்க்காரருக்கும் எங்கள் கிளப்பில் இருந்த இடைவெளி மணிக்கு ஏழெட்டு நிமிஷம். படகு வாங்கி வேகம் கூட்ட நினைக்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டுமா?

திருத்திய நேரம் போடுவது சுலபம். எடுத்துக்கொண்ட விநாடிகளை 1000-ஆல் பெருக்கி, படகின் எண்ணால் வகுக்க வேண்டும். யாருக்குக் குறைவாக வருகிறதோ அவர் முதல்.

இன்னொரு முறையும் உண்டு. கணக்கை முன்னாலேயே போட்டுவிட்டு, மெதுவான படகை முதலில் விடுவது. பந்தயம் 60 நிமிஷம் என்றால் ஆப்டிமிஸ்ட் பையன் பூஜ்யத்தில் கிளம்புவான். 4.7 அதன்பின் 15 நிமிஷம் 44 விநாடியில். ரேடியல் 17 நிமிஷம் 56 விநாடியில். லேசர் 19 நிமிஷம் 45 விநாடியில். ஒரு மணி முடிந்து ஊதல் ஒலிக்கும்போது யார் முன்னால் இருக்கிறாரோ அவர் ஜெயித்தவர். இதில் பிள்ளைகளுக்குக் குஷி அதிகம். கடைசிப் பத்து நிமிஷம் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு ஓட்டுவார்கள். துரத்துகிறவர்களில் சில சமயம் அவர்கள் அப்பாவே இருப்பார்.

எண் சொல்லாத விஷயங்கள்

இந்த முறை தவறே இல்லாததா என்றால், இல்லை. எண் ஒரு சராசரி. காற்றோ சராசரியாக அடிக்காது. மெல்லிய காற்றில் ஒரு படகுக்கு லாபம், பலத்த காற்றில் இன்னொன்றுக்கு. அமெரிக்காவில் இதே முறையை எடுத்துக்கொண்டவர்கள் காற்றின் பலத்துக்கு ஏற்றபடி தனித்தனி எண் வைத்திருக்கிறார்கள். அடுத்தது நீரோட்டம். நான்கு நாட் வேகப் படகும் மூன்று நாட் வேகப் படகும் ஒரு நாட் நீரோட்டத்தை எதிர்த்துப் போனால், மிஞ்சுவது மூன்றும் இரண்டும். நான்குக்கு மூன்று என்ற விகிதம் மூன்றுக்கு இரண்டு ஆகிவிடுகிறது. மெதுவான படகு கூடுதலாக நசுங்குகிறது. நீரின் மேல் இறக்கை வைத்துப் பறக்கிற மாத் என்ற படகு இருக்கிறது. 30 நாட்டைத் தாண்டியிருக்கிறது. காற்று கொஞ்சம் விழுந்தால் இறக்கை வேலை செய்யாது, தண்ணீரில் உட்கார்ந்துவிடும். அதற்கு எந்த ஒற்றை எண் கொடுத்தாலும் பொருந்தாது.

இன்னொன்று முக்கியம். எண்ணில் ஓட்டுகிறவர்களும் கலந்திருக்கிறார்கள். ஒரு வகைப் படகைக் கெட்டிக்காரர்களே வாங்கி ஓட்டினால், படகே வேகம் என்று பட்டியல் நினைத்துக்கொள்ளும். அதனால்தான் கிளப்புகள் தங்கள் ஏரிக்கு ஏற்ப எண்ணை மாற்றிக்கொள்ளலாம் என்று அனுமதி இருக்கிறது. ஆனால் மாற்றும்போது ஒரு கேள்வியை நாம் நம்மையே கேட்க வேண்டும்: நாம் படகைத் திருத்துகிறோமா, அல்லது அடிக்கடி ஜெயிக்கிற ஓர் ஆளைத் தண்டிக்கிறோமா? எங்கள் கிளப் கூட்டங்களில் இதற்காக எத்தனையோ டீ ஆறிப்போயிருக்கிறது.

என் தவறு

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். கிளப்பில் சம்பளம் வாங்கும் அதிகாரி கிடையாது. முறை வைத்து ஒவ்வொருவரும் பந்தய அதிகாரியாக உட்கார வேண்டும். கொடி ஏற்றணும், ஐந்து நிமிஷத்துக்கு முன், நான்கு, ஒன்று, புறப்பாடு என்று ஊதணும், ஒவ்வொரு படகும் முடிக்கும் நேரத்தை விநாடி சுத்தமாக எழுதணும், கணக்குப் போட்டு அறிவிக்கணும். 'இந்தியர், இன்ஜினீயர், கணக்கில் புலி' என்று எல்லோரும் கணக்கை என் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்கும் உள்ளூரப் பெருமைதான்.

2017-ல் இலையுதிர்காலத் தொடரின் கடைசிப் பந்தயம். ஒரு கோப்பை. பலத்த காற்று. முதலில் வந்தது ஒரு லேசர், 62 நிமிஷம், அதாவது 3720 விநாடி. அடுத்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரின் சோலோ, 64 நிமிஷம், 3840 விநாடி. அதன்பின் பத்து விநாடியில் இன்னொரு லேசர், 15 வயதுப் பெண் ஒருத்தி ஓட்டியது, 3850 விநாடி. கணக்கை மேலே சொன்ன முழு எண்களிலேயே காட்டுகிறேன். லேசருக்கு 3382. சோலோவுக்கு 3368. அந்தப் பெண்ணுக்கு 3500. பெரியவர் ஜெயித்தார் என்று அறிவித்தேன். கைதட்டினோம். கோப்பையைக் கொடுத்துவிட்டோம். அந்தப் பெண் தன் படகைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வீட்டுக்குப் போனாள்.

அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, வருஷ முடிவுகளை அனுப்புவதற்காகத் தாளைப் பார்த்து நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். காலையில் அவரவர் கையெழுத்துப் போடும் தாள். அந்தப் பெண் தன் பாய் எண்ணுக்குப் பக்கத்தில், சின்னதாக, 'ரேடியல்' என்று எழுதியிருந்தாள். வழக்கமாக முழுப் பாய் போடுகிறவள், காற்று பலமாக இருந்ததால் அன்று காலையில் சிறிய பாய் மாற்றியிருக்கிறாள். ஒரே உடல்தானே! கரையில் இருந்து பார்த்த நான் லேசர் என்றே எழுதிவிட்டேன். 1100-க்குப் பதில் 1150 போட்டுப் பார்த்தேன். 3348. பெரியவரைவிட 20 விநாடி முன்னால். ஜெயித்தவள் அவள்.

நண்பர்களே, ஒரு சின்ன கிளப், ஒரு சின்னக் கோப்பை, பித்தளைக்கு வெள்ளி முலாம். பேசாமல் விட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அந்த எண்ணம் எனக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். கணக்கில் புலி என்ற பெயர் போய்விடுமே என்ற பயம் வந்தது. இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. என் மனைவி காரணம் கேட்டாள். சொன்னேன். "இதுக்கு என்ன யோசனை? காலையில போன் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

காலையில் பெரியவருக்குப் போன் செய்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், ஒரு ராத்திரி அது என் அலமாரியில் இருந்தது, அழகாகத்தான் இருந்தது, நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன் என்றார். அடுத்த ஞாயிறு எல்லோர் முன்னாலும் நின்று, தவறு என்னுடையது, இப்படித்தான் நடந்தது என்று கணக்கோடு சொன்னேன். பெரியவர் கோப்பையை அவள் கையில் கொடுத்தார். அன்று தட்டிய கை போன வாரத்தைவிடப் பலமாக இருந்தது.

பிறகு டீ குடிக்கும்போது அந்தப் பெண்ணிடம் கேட்டேன், உனக்குத் தெரியவில்லையா என்று. அவள் சொன்னதை இன்றும் மறக்க முடியவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் காரில் அவளே கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள். தான் ஜெயித்ததாக வந்திருக்கிறது. ஆனால் அறிவித்தது நான் என்பதால், தன் கணக்குத்தான் தப்பு என்று முடிவு செய்துவிட்டாளாம்.

சரியாகக் கணக்குப் போட்ட பிள்ளை, தப்பாகப் போட்ட பெரியவனை நம்பித் தன் விடையை அழித்துவிட்டது. கோப்பை கைமாறியதைவிட இதுதான் என்னைச் சுட்டது. அன்றிலிருந்து எங்கள் கிளப்பில் ஒரு பழக்கம் கொண்டுவந்தோம். முடிவை அறிவிக்கும் முன், ஒவ்வொரு படகின் பெயர், பாய், எண், நேரம் எழுதிய தாளைப் பலகையில் ஒட்டுவோம். அரை மணி நேரம் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், கேட்கலாம். முதலில் கேட்பவர்கள் எப்போதும் பிள்ளைகள்தான்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். உங்கள் விடை சரியென்று உங்களுக்குத் தோன்றினால் எழுந்து கேளுங்கள். மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் கேளுங்கள். பேராசிரியப் பெருமக்களுக்கும், என்னைப் போல மேடையில் உட்காரும் பெரியவர்களுக்கும் ஒன்று சொல்லலாம்: கணக்கை மட்டும் போட்டால் போதாது, போட்ட கணக்கைப் பலகையில் ஒட்ட வேண்டும்.

நம்ம கடற்கரை

இதெல்லாம் வெள்ளைக்காரன் விளையாட்டு, நமக்கென்ன என்று யாரும் நினைக்க வேண்டாம். சென்னையில் 1911-ல் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் தொடங்கிய யாட் கிளப் இன்னும் இருக்கிறது. சென்னைப் பெண் நேத்ரா குமணன் 2021-ல் பாய்ப்படகில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்மணி ஆனார். அவர் ஓட்டியது நான் கோட்டைவிட்ட அதே ரேடியல்தான். வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன் டோக்கியோவிலும் பாரிஸிலும் முழுப் பாய் ஓட்டினார். 2023-ல் ஹாங்சௌ ஆசியப் போட்டியில் அவருக்கு வெண்கலம். அதே போட்டியில் மத்தியப் பிரதேசத்துப் பெண் நேஹா தாக்கூர் சிறிய பாயில், அதாவது ஐ.எல்.சி.ஏ. 4-ல், வெள்ளி வாங்கினார். மூன்று பேர், மூன்று பாய், உடல் மட்டும் ஒன்று. உங்களில் ஒருவர் அடுத்த கோடை விடுமுறையில் போய் ஒரு தடவை கவிழ்ந்து எழுந்து வந்தால் எனக்குச் சந்தோஷம். நீச்சல் மட்டும் முதலில் கற்றுக்கொள்ளுங்கள்.

முடிக்கும் முன் ஒரு பழைய பாக்கி. 1982-ல் வாடகை சைக்கிளில் ஒரு சைக்கிள் நீளம் பின்னால் வந்த என் அறைத்தோழன் இதோ, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். தலை நரைத்துவிட்டது, சிரிப்பு மாறவில்லை. டேய், அன்னிக்கு நீ கேட்டதுக்கு இன்னிக்குப் பதில் சொல்றேன். ஒரு சுற்றுக்கு நாலு நிமிஷம்னு வைத்தாலும் மூன்று சுற்றுக்குப் பன்னிரண்டு நிமிஷம். உன் வண்டிக்கு ஒரே ஒரு சதவீதம் கழிச்சாலும் ஏழு விநாடி. ஒரு சைக்கிள் நீளம் அரை விநாடிகூடக் கிடையாது. ஜெயிச்சது நீதான்.

அந்த எவர்சில்வர் டம்ளர் எங்கள் வீட்டில் இத்தனை வருஷமும் இருந்தது. சீமைக்குப் போய், சீமையிலிருந்து திரும்பி, இப்போது என் பையில் இருக்கிறது. கொஞ்சம் நசுங்கியிருக்கும், மன்னிச்சுக்கோ. சாப்பாட்டுக்குப் பிறகு அதில்தான் நீ காபி குடிக்கணும்.